மேனகாசுந்தரியின் வம்ச கௌரவம்

இந்தப் பூமியில் மானம் என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், அது வடக்குக் கல்கத்தாவில், காஞ்சன் பண்டிதர் சந்தில், பச்சை ஜன்னல் வைத்த சிக்தார் மாளிகையில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் காணப்படுவதெல்லாம் அதன் நகல். இதைச் சொன்னவர் மாளிகையின் தலைவர் நீலாம்பர் சிக்தார். அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாளிகையின் மேல்தளம் மழைக்கு ஒழுகியது உண்மைதான். கூரை ஒழுகுவதால் மானம் நனைவதில்லை என்பது அவருடைய கொள்கை. எழுபதைத் தாண்டிய பிறகும் அவர் முதுகு எதிலும் சாய்ந்ததில்லை. சாய்வு நாற்காலியில்கூட நிமிர்ந்தே உட்காருவார். பிறகு எதற்குச் சாய்வு நாற்காலி என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. தெரு முழுக்க அவரை ‘ஜேட்டா’ என்று, பெரியப்பா முறை வைத்துத்தான் கூப்பிட்டது.

அந்த மானத்தின் உயிருள்ள சின்னம் ஒரு பூனை. பெயர் மேனகாசுந்தரி. பிள்ளை வரம் கொடுப்பவளும் பிள்ளைகளைக் காப்பவளுமான சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். வங்காளத்தில் எந்தத் தாயும் பூனைமேல் கையோங்க மாட்டாள். நீலாம்பரின் கொள்ளுப்பாட்டிக்கு வெகுகாலம் பிள்ளையில்லை. ஒரு சஷ்டியன்று நிறைசூலியாக ஒரு பூனை சமையலறைக்குள் நுழைந்து, அரிசிக் கூடையில் படுத்து ஐந்து குட்டிகள் போட்டது. அடுத்த வருஷம் கொள்ளுப்பாட்டியும் பெற்றாள், ஒன்றுதான். அன்றிலிருந்து அந்தப் பூனையின் பெண்வழி வாரிசுகளுக்குச் சமையலறையிலும் பூஜைக்கூடத்திலும் பிறப்புரிமை உண்டு. மீன் வாங்கினால் முதல் தலை பூனைக்கு. இரண்டாவது தலைதான் நீலாம்பருக்கு.

மேனகாசுந்தரியின் குட்டிகளுக்குக் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே வயிறு முரசு மாதிரி உப்பிவிடும். “பாத்தியா, ஜமீன் தொந்தி!” என்று நீலாம்பர் விருந்தாளிகளிடம் தூக்கிக் காட்டுவார். சில சமயம் அந்தக் குட்டிகள் எதையோ கக்கும். தரையில் வெள்ளையாக, நீள நீளமாகக் கிடக்கும். அவர் மனைவி சுரமா உடனே மருமகளைக் கூப்பிடுவாள்.

“ஈப்ஷிதா, பாயசச் சேமியாவை இப்பிடியா கொட்டி வெப்பே?”

“நான் சேமியாவே வாங்கலையே மா.”

“அப்ப இது என்ன? நெளியுது?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

“எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு!”

விசாரணை அத்துடன் முடிவடைந்தது. சேமியா பெருக்கப்பட்டது.

பூனைக்கு ஒரு பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமே என்று ஈப்ஷிதா ஒருமுறை மாமனாரிடமே சொல்லிப் பார்த்தாள். நீலாம்பர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் செய்தித்தாளை மடித்தால் சபை கூடிவிட்டது என்று அர்த்தம்.

“யாருக்குப் பூச்சி? தெருப்பூனைக்கு இருக்கும். கண்ட வீட்டு நாய்க்கு இருக்கும். சஷ்டியோட வாகனத்துக்குப் பூச்சின்னு சொன்னா, சஷ்டிக்கே பூச்சின்னு சொன்ன மாதிரி. நீ கிருஷ்ணநகர்ப் பொண்ணு, உனக்குத் தெரியாது. போ, டீ போடு.”

முற்றத்தின் ஓரத்தில் கங்கைக் களிமண் ஒரு குவியலாகக் கிடந்தது. வருஷா வருஷம் துர்க்கைச் சிலையைச் சிக்தார் மாளிகையிலேயே வைத்துச் செய்வார்கள். மிஞ்சிய மண்ணை வெளியே கொட்டக் கூடாது. அது அடுத்த வருஷ மண்ணோடு சேர வேண்டும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து அந்தக் குவியல் ஆளுயரத்துக்குப் பாதி வளர்ந்திருந்தது. பூனைகள் சுத்தமான பிராணிகள். மேனகாசுந்தரியும் அவள் குழந்தைகளும் தங்கள் காலைக்கடனை அந்தப் புனித மண்ணில்தான் முடித்து, பதவிசாக மூடிவிட்டு வந்தார்கள். வீட்டின் நான்கு வயதுப் பேத்தி டுக்டுகியும் எதிர்வீட்டு மிம்மியும் அதே மண்ணில் பகல் முழுக்கச் சட்டிபானை செய்தார்கள். சந்தில் இருந்த மற்றக் குழந்தைகளும் அவ்வப்போது வருவதுண்டு. விரலில் ஒட்டிய மண் வாய்க்குப் போகும். ஈப்ஷிதா ஓடிவந்து துடைப்பாள். நீலாம்பர் மாடியிலிருந்து கையை உயர்த்துவார்.

“விடும்மா. கங்கை மண்ணு. பிரசாதம்.”

அந்தத் தை மாதத்தில்தான் சிக்தார் மாளிகைக்கு இன்னொரு பெருமை வந்து சேர்ந்தது. டுக்டுகியின் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. முதலில் கவனித்தவள் சுரமா. கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து, பேத்தியின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தாங்க, கேக்குதா? இங்க வாங்க! நம்ம வீட்டுக்கு லக்ஷ்மி-டேரா வந்திருக்கு!”

பெண் குழந்தைக்குக் கண் கொஞ்சம் மாறியிருந்தால் அது லக்ஷ்மியின் ஓரப்பார்வை; அந்த வீட்டில் செல்வம் தங்கும். வங்காளத்தில் இதற்கு மறுபேச்சு இல்லை. சுரமா சங்கு ஊதினாள். சந்து முழுக்க இனிப்பு போயிற்று. எதிர்வீட்டு ரேபதி, அந்த மிம்மியின் அம்மா, டுக்டுகியின் கன்னத்தைக் கிள்ளி, “என் கண்ணே பட்டுரும் போலிருக்கு!” என்றாள். 

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவே ஈப்ஷிதா மட்டும், “பாபா, ஒருதடவை கண் டாக்டர்கிட்ட காட்டிறலாமா?” என்று கேட்டாள்.

“லக்ஷ்மியை டாக்டர்கிட்ட காட்டுவாங்களா?” என்றார் நீலாம்பர்.

டுக்டுகியின் அப்பா துர்காபூர் இரும்பாலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வருவார். “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார். ஞாயிறு மாலை போய்விடுவார். குடும்பத்துக்கு அவர் செய்த தொண்டு இவ்வளவே.

வைகாசி முடிவில் ஜாமாய் சஷ்டி வந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விசிறிவிட்டு, வயிறு வெடிக்கப் பரிமாறும் திருநாள். அன்றைக்கு மாப்பிள்ளை கேட்டதை மாமனார் மறுக்கக் கூடாது. மாப்பிள்ளை பசியோடு எழுந்துபோனால் அந்த வீடு தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

நீலாம்பரின் மாப்பிள்ளை சௌரீஷ் கோலே ஒரு கால்நடைக் கல்லூரியில் வேலை பார்த்தார். என்ன வேலை என்பதில்தான் சிக்கல். ஆடு, மாடு, நாய், பூனையின் கழிவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உள்ளே குடியிருக்கும் புழுக்கள் யார் எவர் என்று சொல்கிற வேலை. கல்யாணப் பத்திரிகையில் இதை எப்படிப் போடுவது? நீலாம்பர் யோசித்து, ‘உயிரினங்களின் உள்ளுலக ஆய்வாளர்’ என்று அச்சடிக்க வைத்தார். பாதித் தெரு மாப்பிள்ளையை யோகி என்று நினைத்துக்கொண்டது. ஒருவர் வந்து ஜாதகம்கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சௌரீஷ் பட்டுக் குர்த்தாவில் பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெண்கலத் தட்டு. கடுகு அரைத்துவிட்ட இலிஷ் மீன், தேங்காய்ப்பாலில் இறால், ஆட்டுக்கறி, லிச்சி, மாம்பழம், செம்பழுப்பாக இனிப்புத் தயிர். சுரமா மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, நனைத்த பனையோலை விசிறியால் வீசினாள். மேனகாசுந்தரி தட்டுக்குப் பக்கத்தில், விருந்தின் இணைத் தலைவி போல உட்கார்ந்திருந்தாள்.

சௌரீஷ் ஒரு லிச்சிப் பழத்தை உரித்து, பக்கத்தில் நின்ற டுக்டுகியிடம், அவளுடைய இடது பக்கமாக நீட்டினார். குழந்தை வாங்கவில்லை. அவர் கையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பழம் கன்னத்தில் இடித்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

சௌரீஷ் பழத்தைக் கீழே வைத்தார்.

“டுக்டுகி, ஒரு விளையாட்டு. நான் உன் இந்தக் கண்ணைப் பொத்துறேன். என் கையில என்ன இருக்குன்னு சொல்லு.” வலது கண்ணை மூடினார்.

“கையை எடுங்க பிஷே.” அத்தை புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “தெரியல.”

“கொஞ்சங்கூடத் தெரியலையா?”

“அந்தக் கண்ணுல மேகம்தான் இருக்கும்.”

சுரமாவின் விசிறி நின்றது.

“எப்பலேருந்துடா மேகம்?” என்றார் சௌரீஷ்.

“அது மேகம் இல்ல. லக்ஷ்மி. தாது சொன்னாரு.” தாத்தா அவளுக்கு ‘தாது’.

டுக்டுகி லிச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். சௌரீஷ் கதவோரம் நின்ற ஈப்ஷிதாவைப் பார்த்தார். அப்புறம் முற்றத்துக் களிமண்ணைப் பார்த்தார். கடைசியில் மேனகாசுந்தரியைப் பார்த்தார். மேனகாசுந்தரி இறாலைப் பார்த்தாள்.

“பாபா,” என்றார் சௌரீஷ், “எனக்கு மேனகாவோட மலம் கொஞ்சம் வேணும்.”

சிக்தார் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் இதற்கு முன் லாட் துரையின் காரியதரிசி சாப்பிட்டிருக்கிறார். நீதிபதிகள் சாப்பிட்டிருக்கிறார்கள். யாரும் இப்படி ஒரு பண்டத்தைக் கேட்டதில்லை.

“என்னது?” என்றார் நீலாம்பர்.

“பூனை குடல்ல புழு இருந்தா, அதோட முட்டை மண்ணுக்கு வரும். மண்ணுல கொஞ்சநாள் முத்தும். அப்பறம் குழந்தை விரல், வாய், வயிறு. உள்ள பொரியிற புழுவுக்கு அது பூனை வயிறு இல்லங்கிறதால வழி தெரியாது. உடம்பெல்லாம் சுத்தும். சமயத்துல கண்ணுல போய் உக்காந்துரும். அங்க உக்காந்தா கண்ணு போயிரும், பாபா.”

“வழி தெரியாத புழு எங்க வீட்டுப் புழுவா இருக்க முடியாது.”

“பாபா...”

“மாப்பிள்ளை, நீங்க உள்ளுலக ஆய்வாளர். நான் ஒத்துக்குறேன். ஆனா இது எங்க உள்ளுலகம்.”

அதுவரை அடக்கமாக இருந்த மாப்பிள்ளை அப்போது ஒரு காரியம் செய்தார். தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

“எனக்கு ரெண்டு வேணும். நாளைக்குக் காலையில டுக்டுகியைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பூனையைச் சோதிக்கணும். இதுக்குச் சம்மதிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்.”

இலிஷ் ஆறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ரேபதியின் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை எழுந்துபோனால், அவர் டிராம் ஏறும் முன்பே செய்தி முனைக்கடைக்குப் போய்விடும். நீலாம்பர் தராசை நிறுத்தினார். ஒரு தட்டில் பூனையின் மானம், மறு தட்டில் மாப்பிள்ளையின் பசி. பேத்தியின் கண் தராசில் ஏறவில்லை. அதுதான் லக்ஷ்மி ஆயிற்றே. ஆனால் சோதனையில் பூனை சுத்தம் என்று தெரிந்தால் மானம் இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு அவருக்குள் ஓடிற்று.

“ரெண்டும் செஞ்சுக்குங்க. ஆனா அந்த வார்த்தையை இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது.”

“பின்ன என்னன்னு சொல்றது?”

“‘மேனகாசுந்தரியின் பங்களிப்பு’.”

“சரி பாபா,” என்று சொல்லிவிட்டு சௌரீஷ் தட்டை இழுத்துக்கொண்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மேனகாசுந்தரி தாராளமாகவே பங்களித்தாள். சௌரீஷ் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்து வந்தார். நீலாம்பர் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். சிக்தார் வீட்டிலிருந்து எது போனாலும் அந்தஸ்தோடு போக வேண்டும். கடைசியில் அது சந்தேஷ் இனிப்பு வந்த அட்டைப்பெட்டியில், சிவப்பு ரிப்பன் கட்டிப் புறப்பட்டது. பெட்டியை அவரே கையில் ஏந்திக்கொண்டார். மாப்பிள்ளையை நம்பவில்லை என்று இல்லை. வழியில் வேறு பூனையுடையது கலந்துவிட்டால்?

வாசலில் ரேபதி பிடித்துக்கொண்டாள்.

“ஜேட்டா! நேத்து விருந்து மிச்சமா? எங்களுக்கு ஒண்ணு கிடையாதா?”

“இது... இது சஷ்டிக்கு.”

“அப்பப் பிரசாதம்! மிம்மிக்கு ஒரே ஒரு துணுக்கு.”

“இன்னும் படைக்கல, ரேபதி.”

ரேபதி மூக்கைச் சுருக்கினாள். “வாசனை ஒரு மாதிரி இருக்கே?”

“புதுக் கடை.”

“பழைய கடைக்கே போங்க ஜேட்டா,” என்றாள் அவள் அக்கறையாக.

கல்லூரியில் சௌரீஷின் அறை சின்னது. அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய உள்ளுலகம் மிதந்தது. அவர் பங்களிப்பில் ஒரு துளியை உப்புத் தண்ணீரில் கலக்கி, மிதந்து வந்ததைக் கண்ணாடிச் சில்லில் ஏந்தி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். சக்கரத்தைத் திருகினார். எழுந்து மாமனாருக்கு இடம் விட்டார்.

நீலாம்பர் குனியவில்லை. நாற்காலியை உயர்த்த வைத்துத்தான் பார்த்தார். வெளிச்ச வட்டத்துக்குள் உருண்டை உருண்டையாக எத்தனையோ கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் வரிசையாகச் சின்னக் குழிகள். பொற்கொல்லன் தட்டிச் செய்தது போல. 

“இதெல்லாம் முட்டையா?”

“ஆமா பாபா.”

நீலாம்பர் வெகுநேரம் பார்த்தார். “என்ன நேர்த்தி!” என்றார்.

சௌரீஷ் உப்புத் தண்ணீர்க் குப்பியை மூடினார்; மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எல்லாம் ஒரே அளவு. ஒண்ணுகூடக் கோணல் இல்ல. நல்ல இடத்துலேருந்து வந்தது பாத்தாலே தெரியுது. சரி, இது எந்தத் தெருப்பூனைகிட்டேருந்து நம்ம மேனகாவுக்கு ஒட்டிச்சு?”

“எந்தப் பூனைகிட்டேருந்தும் ஒட்டணும்னு இல்ல. இந்தப் புழு தாய்ப்பால்லயே குட்டிக்குப் போகும். அந்தக் குட்டி தாயாகி, அதோட குட்டிக்கு. மாத்திரையே கொடுக்காத வீடு. உங்க கொள்ளுப்பாட்டியோட அரிசிக் கூடையில பிறந்ததுலேருந்து இந்தப் புழு வம்சமும் அங்கதான் இருந்திருக்கும்.”

நீலாம்பரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. 

“அப்ப வாடகைக்கு வந்தவங்க இல்ல.”

“இல்ல பாபா. சொந்த வீட்டுக்காரங்க.”

தோற்ற இடத்திலும் ஒரு பெருமையைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவனே குலத்தைக் காக்கிறான். நீலாம்பர் இரண்டாவது முறையாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது அவர் பையில் இருந்த போன் அடித்தது. காலையிலேயே டுக்டுகியோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஈப்ஷிதா.

“பாபா. பாத்துட்டாங்க. கண்ணுக்குப் பின்னாடி தழும்பு இருக்காம். சரியா நடுவுல. அந்தக் கண்ணுல இனிமே உருவம் விழாதாம்.”

“மறு கண்ணு?”

“அது நல்லா இருக்கு.”

“மருந்து இருக்குமே?”

“கொடுத்திருக்காங்க. உள்ள வீக்கம் வத்தறதுக்கு. போனது வராது. கண்ணு திரும்ப ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது காப்பாத்தியிருக்கலாம், ஏன் வரலன்னு டாக்டர் கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“சங்கு ஊதிட்டிருந்தோம்னு சொன்னேன்.”

போன் அணைந்தது. நீலாம்பர் அதைக் காதிலேயே வைத்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய சௌரீஷ், இரண்டு கண்ணாலும் மாமனாரைப் பார்த்தார். மாமனார் எழுந்தார். ரிப்பனை மட்டும் மறக்காமல் எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஈப்ஷிதா ஆஸ்பத்திரியிலிருந்து சிக்தார் மாளிகைக்குத் திரும்பவில்லை. குழந்தையோடு நேரே கிருஷ்ணநகர் ரயிலைப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சுரமா ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லை; மறுநாள் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு அவளும் பேத்தியைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். துர்காபூரிலிருந்து வந்த பிள்ளை, வாழ்க்கையில் முதல்முறையாக, “அப்பா சொன்னா” என்று ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிருஷ்ணநகருக்கே போனார்.

மேனகாசுந்தரியின் கதை சுலபமாக முடிந்தது. சௌரீஷ் ஒரு சின்ன மாத்திரையை மீன்தலைக்குள் ஒளித்துக் கொடுத்தார். அவள் கடித்து விழுங்கி, உதட்டை நக்கிக்கொண்டாள். குட்டிகளுக்கும் ஆயிற்று. அத்தனை தலைமுறையாக அசைக்க முடியாமல் இருந்த ஒரு வம்சம் ஒரு மீன்தலையில் அடங்கிவிட்டது. இன்னும் சில தடவை கொடுத்தால் போதும் என்றார் சௌரீஷ்.

“இவ்வளவுதானா?” என்றார் நீலாம்பர்.

“இவ்வளவுதான், பாபா. எப்பவுமே இவ்வளவுதான்.”

அன்று சாயங்காலம் சௌரீஷ் மாட்டு வைத்திய முகாமுக்காக ஜல்பாய்குரி போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன் மாமனாரை உட்கார வைத்துப் பேசினார்.

“அந்த மண்ணுல மிம்மி விளையாடுது. மத்தக் குழந்தைங்களும் விளையாடுது. மண்ணை ஆழமா ஒரு குழி வெட்டிப் புதைச்சிருங்க. எல்லா வீட்டுலயும் சொல்லணும். கண்ணு, வயிறு, காய்ச்சல், எதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லணும். நானே சொல்லிட்டுப் போயிரட்டுமா?”

நீலாம்பர் கையை உயர்த்தினார். “இது சிக்தார் வீட்டு விஷயம். தெருவுக்கு நான்தான் சொல்லணும்.”

“சொல்லிருவீங்கல்ல?”

“சிக்தார் வாக்கு.”

அதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை என்ன கேட்க முடியும்? சௌரீஷ் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினார்.

நீலாம்பர் வாக்குத் தவறவில்லை. அந்த ஞாயிறே காஞ்சன் பண்டிதர் சந்து சர்வஜன நலச் சங்கத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். ஆயுட்காலத் தலைவர் அவரே. பொருள்: ‘பொதுச் சுகாதாரமும் நமது பண்பாடும்’. மண்குவளையில் டீயும் சுடச்சுட வெங்காயப் பகோடாவும் வந்தன. ஜனம் நிரம்பிவிட்டது. தலைவர் எழுந்தார். கிழக்கையும் மேற்கையும் பற்றிப் பேசினார். முன்னோர்கள் கை கழுவிய விதத்தைப் பற்றிப் பேசினார். கங்கையின் பெருமையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. நடுவில் மூன்று நான்கு முறை அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்தபோதெல்லாம் அவர் கண்முன் முனைக்கடை வந்து நின்றது. ‘சிக்தார் வீட்டுப் புழு’ என்று அங்கே நாளைக்குப் பேசுவார்கள். பையன்கள் பேத்திக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். யாராவது ஒருவன் பகோடாவைக் கடித்துக்கொண்டே சிரிப்பான். வார்த்தை கீழே இறங்கிவிட்டது.

சந்தின் ஹோமியோபதி வைத்தியர் கோபேஷ்வர் கை தூக்கினார். “ஜேட்டா, கை கழுவணும்னு சொல்றீங்க. எந்த வியாதிக்காக? பேரைச் சொன்னா நான் மருந்து சொல்றேன்.”

“வியாதி ஒண்ணும் இல்ல. பண்பாடு.”

“பண்பாட்டுக்கும் உருண்டை இருக்கு. வெறும் வயித்துல நாலு.”

அது குறித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: சுத்தம் பொதுவாக விரும்பத்தக்கது என்று இச்சபை ஏகமனதாகக் கருதுகிறது. இரண்டு: சிக்தார் மாளிகையின் கங்கை மண், அதன் புனிதத்தை முன்னிட்டு, இன்று முதல் தார்ப்பாய் போட்டு மூடப்படுகிறது.

“திடீர்னு ஏன் ஜேட்டா மூடுறீங்க?” என்றாள் ரேபதி. “எங்க மிம்மிக்கு அதான் விளையாட்டே. டுக்டுகியும் ஊருல இல்ல.”

“மரபும்மா.”

“ஓ, மரபா? அப்பச் சரி.” அவள் பகோடாவை எடுத்துக்கொண்டாள்.

ஜல்பாய்குரியிலிருந்து சௌரீஷ் கூப்பிட்டார். மாடுகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

“பாபா, தெருவுல சொன்னீங்களா?”

“கூட்டம் போட்டே சொல்லிட்டேன்.”

“நல்லது பாபா! என்ன சொன்னாங்க?”

“கை தட்டினாங்க.”

ஆடி பிறந்தது. மழை வலுத்து, மேல்தளம் ஒழுகி, அண்டாக்கள் நிரம்பின. சுரமா இன்னும் கிருஷ்ணநகரில்தான் இருந்தாள். நீலாம்பர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலையில் ரேபதி குடையை வாசலில் எறிந்துவிட்டு, ஒரு கையில் இனிப்புப் பெட்டியும் மறு கையில் மிம்மியுமாக ஓடிவந்தாள்.

“ஜேட்டா! முதல்ல வாயைத் திறங்க, அப்பறம் சொல்றேன். இல்ல, சொல்லிட்டே கொடுக்குறேன். எனக்கு முடியல. எங்க வீட்டுக்கும் வந்துட்டா ஜேட்டா!”

“யாரு?”

“லக்ஷ்மிதான்! பாருங்க, எங்க மிம்மி கண்ணைப் பாருங்க. இடது கண்ணு லேசா உள்ள போகுது, தெரியுதா? மூணு நாளா நான் யாருகிட்டயும் மூச்சு விடல. நம்ம ஜேட்டாதான் முதல்ல ஆசீர்வாதம் பண்ணணும்னு வெச்சிருந்தேன். அவங்க அப்பா சங்கு வாங்கப் போயிருக்காரு.”

மிம்மி நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். அவரைச் சரியாகப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

நீலாம்பருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ‘இன்னிக்கே டாக்டர்கிட்ட போ.’ அவ்வளவுதான். இன்னும் நாள் ஆகிவிடவில்லை, மூன்று நாள்தான். ஆனால் ரேபதி ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குக் கண் என்று சொன்னால், எதனால் என்பாள். மண் என்றால், மண்ணில் என்ன என்பாள். பூனை என்றால், யார் வீட்டுப் பூனை என்று அவள் கேட்கவே மாட்டாள்.

“என்ன ஜேட்டா, பேச்சே காணோம்? சந்தோஷமா?”

அவர் வாயைத் திறந்தார். ரேபதி அதில் ஒரு முழு சந்தேஷை வைத்தாள்.

நீலாம்பர் வலது கையை மிம்மியின் தலையில் வைத்தார். ரேபதி கும்பிட்டாள். வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு பேசுவது பெரிய மனிதருக்கு அழகல்ல. ஆகவே அவர் பேசவில்லை. நல்ல சந்தேஷ், சீக்கிரமே கரைந்துவிட்டது. அதற்கப்புறமும் அவர் பேசவில்லை. காஞ்சன் பண்டிதர் சந்தில் அதற்குத்தான் மானம் என்று பெயர்.